சேராங்கொட்டையும் இயற்கைதானுங்க!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து எங்களையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் சோமனூர்ச் சொந்தங்களே, எல்லாருக்கும் என் வணக்கமுங்க.

தறியை நிறுத்திட்டு வந்திருக்காங்கன்னு நான் சொன்னதை நடுவர் சாதாரணமா எடுத்துக்கக் கூடாது. எங்க ஊர்ல ஒருத்தருக்குக் கொடுக்கிற மரியாதையிலேயே பெரிய மரியாதை அதுதானுங்க. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட ஆளை மாத்தி விட்டுட்டுத்தான் போவோம். (கைதட்டல்)

"இயற்கை மருந்தால் தோலுக்குக் கெடுதல் வராது என்பது உண்மையே" என்று அவர்கள் அணி. "வெறும் நம்பிக்கையே" என்று எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அழகாகச் சொன்னார்: "செடியும் கொடியும் நமக்குத் தாய் மாதிரி. தாய் பிள்ளையைக் கடிப்பாளா?" நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, எங்க அம்மா என்னைக் கடிச்சதில்லை, அடிச்சிருக்காங்க! (சிரிப்பு) எந்தக் கை தலையைத் தடவும், எந்தக் கை முதுகில் விழும் என்று தெரிந்த பிள்ளைதான் புத்திசாலிப் பிள்ளை. செடி விஷயத்திலும் எங்கள் அணி அதைத்தான் கேட்கிறது.

சகோதரி துளசி சொன்னார், வேம்பு சொன்னார், கற்றாழை சொன்னார். ஒரு பெயரை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். சேராங்கொட்டை! அது என்ன பிளாஸ்டிக்கா? அதுவும் மரத்தில் காய்க்கிறதுதானுங்க. அதுவும் இயற்கைதான்.

துணி ஊர்க்காரங்களுக்கு சேராங்கொட்டையைப் பத்தி நான் சொல்லியா தெரியணும்? அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளிகள் எந்தத் துணி யாருடையது என்று அடையாளம் தெரிய, அந்தக் கொட்டையின் சாற்றைத் தொட்டுத்தான் துணியில் குறி போடுவார்கள். கறுப்பாகப் பிடிக்கும். வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. அதனால்தான் வெள்ளைக்காரன் அதற்கு "குறி போடும் கொட்டை" என்றே பெயர் வைத்தான். தாவர நூலில் இருக்கும் செமிகார்ப்பஸ் என்ற பெயருக்கும் அதேதான் அர்த்தம்.

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் இந்தியாவுக்கு வந்து தங்கினார்கள். துணியைச் சலவைக்குப் போட்டார்கள். திரும்பி வந்த சட்டையைப் போட்டதும் சில பேருக்குப் பின் கழுத்தில் ஒரே அரிப்பு, கொப்புளம். சில பேருக்கு இடுப்பில். சரியாக எங்கே சலவைக் குறி இருக்கிறதோ அங்கேதான்! மருத்துவர்கள் யோசித்து, சேராங்கொட்டைச் சாறுதான் காரணம் என்று கண்டுபிடித்து, 1943-ல் அமெரிக்க மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். துப்பாக்கிக் குண்டுக்குத் தயாராக வந்தவனை ஒரு கொட்டை சொறிய வெச்சிருச்சுங்க! (சிரிப்பு)

கவனிக்க வேண்டியது என்னவென்றால், துவைத்து, காய்ந்து, பெட்டி போட்டு வந்த துணியில் இருந்த ஒரு சின்னக் குறி. அதுக்கே இந்தப் பாடு. அதையே எண்ணெயாகக் காய்ச்சி, மூட்டுவலிக்கு நல்லது, தோல் வியாதிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தானாகப் பூசிக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இந்த சேராங்கொட்டைக்குச் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? மாமரம், முந்திரி மரம். எல்லாம் ஒரே குடும்பம். மாங்காய்க் காம்பைக் கிள்ளினதும் பீச்சுதே பால், அது பட்டு உதட்டோரம் புண்ணாகாத பிள்ளை எந்த ஊரிலாவது உண்டா? பண்ருட்டிப் பக்கம் போய் முந்திரி உடைக்கிற பெண்களின் விரலைப் பாருங்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டு தோல் கறுத்து வெந்து போயிருக்கும். பாயசத்தில் மிதக்கிற முந்திரிக்குப் பின்னால் அந்த விரல் இருக்குதுங்க.

எதிரணி அண்ணாச்சி இப்போது என்ன முணுமுணுக்கிறார் என்று எனக்குக் கேட்கிறது. "சேராங்கொட்டை சித்த மருந்தில் இருக்கிறதே" என்கிறார். இருக்கிறது அண்ணாச்சி, நான் மறுக்கவே இல்லை. ஆனால் எப்படி இருக்கிறது? நம் வைத்தியர்கள் அதை அப்படியே எடுத்து அரைக்கவில்லை. சுத்தி செய்யாமல் தொடாதே என்றார்கள். ஆயுர்வேதத்தில் செங்கல் தூளில் போட்டுப் புரட்டித் தேய்த்து, எண்ணெயை இறக்கிவிட்டுத்தான் மருந்துக்கே எடுப்பார்கள். இயற்கை என்றால் கெடுதலே இல்லை என்று அந்தப் பெரியவர்கள் நினைத்திருந்தால் சுத்தி என்ற ஒரு வார்த்தையே மருத்துவத்தில் எதற்கு? (கைதட்டல்)

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1945-ஆம் வருஷத்து மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவத்தில் பயன்படும் விஷப் பொருள்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் ஊமத்தை, எட்டி, அலரி, சதுரக்கள்ளியோடு நம்ம சேராங்கொட்டையும் உட்கார்ந்திருக்கிறது. தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த மரம்! புனித மரம்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இந்தப் பொருள்கள் சேர்ந்த மருந்தை உள்ளுக்குக் கொடுப்பதாக இருந்தால், "மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும்" என்று டப்பாவில் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். எந்த மொழியில் தெரியுமா நடுவர் அவர்களே? இங்கிலீஷிலும் இந்தியிலும் போடணும்னு விதி. மருந்து அகத்தியர் பேர்ல, எச்சரிக்கை அடுத்தவன் மொழியில! எங்க அம்மிச்சி எப்படிங்க படிப்பாங்க? (பலத்த கைதட்டல்)

சரி, சேராங்கொட்டை முரட்டுச் சரக்கு, அதை விடுவோம். வீட்டுச் சமையல்கட்டுக்கு வருவோம்.

எங்க தெருவில் ஒரு தறிக்காரர். பேர் வேண்டாமுங்க, டி.வி.யில பார்த்தா சண்டைக்கு வந்துருவார். தறிக்குடோன்ல வேர்வையோட பன்னிரண்டு மணி நேரம் நின்னா இடுப்புல படர்தாமரை வராம என்ன செய்யும்? வந்தது. அவருடைய மச்சான் சொன்னார், "மாமா, ஆஸ்பத்திரிக்கெல்லாம் எதுக்கு? பச்சைப் பூண்டை நசுக்கி வெச்சுத் துணியால இறுக்கிக் கட்டுங்க, காலையில காணாமப் போயிரும்." கட்டினார். ராத்திரி பத்து மணிக்குக் காந்துது. மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? "காந்துதா? அப்ப மருந்து வேலை செய்யுது!" (சிரிப்பு)

பன்னிரண்டு மணிக்கு நெருப்பு வெச்ச மாதிரி எரியுது. வீட்டுக்கார அம்மா, "கெட்ட நீர் வெளியேறுதுங்க, பொறுத்துக்கோங்க" என்கிறார். காலையில் துணியை அவிழ்த்தால் படர்தாமரை காணோம். தோலையே காணோம்! கொப்புளம் உடைஞ்சு செவசெவன்னு சதை தெரியுது. இது கதை இல்லைங்க. பச்சைப் பூண்டை வைத்துக் கட்டினால் தோல் வெந்து போகும் என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதோடு நின்றதா? சித்தப்பா வந்து புண் ஆற வேப்பெண்ணெய் என்றார். அத்தை வந்து மஞ்சளைக் குழைத்து அப்பினார். பெரியப்பா பையன் மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று வாங்கி வந்தான். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. படர்தாமரைக்கு அதைப் போடுவது நெருப்புக்கு நெய் ஊற்றுவது மாதிரி. டாக்டர் சீட்டு இல்லாமல் அப்படிப்பட்ட களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசே விதியை இறுக்கியது. கடைசியில் டாக்டரிடம் போனபோது அவர் கேட்டார், "இதில் எது வியாதி, எது வைத்தியம்?" (சிரிப்பு) மூணு வாரம் தறிக்குப் போகலைங்க. வாரக்கூலிக்காரன் வீட்டில் மூணு வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தக் கூட்டத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவர் அவர்களே, நான் குறை சொல்வது பூண்டை இல்லை. "மருந்து வேலை செய்யுது" என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான். மாத்திரை சாப்பிட்டு உடம்பு தடித்தால், "ஐயோ, மாத்திரை ஒத்துக்கலை" என்று உடனே நிறுத்துகிறோம். தழையைப் பூசித் தடித்தால், "சூடு வெளியே வருது" என்று இன்னும் ரெண்டு கை சேர்த்துப் பூசுகிறோம். ஒரே தோல், ஒரே தடிப்பு, இதுக்கு ஒரு நியாயம், அதுக்கு ஒரு நியாயமா? (கைதட்டல்)

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பூண்டு வேக வைப்பது வேறு, ஒவ்வாமை என்பது வேறு. பூண்டை நாள் முழுக்க வைத்துக் கட்டினால் அநேகமாக யாருக்கும் வேகும். ஒவ்வாமை அப்படி இல்லை. பத்துப் பேர் பூசுவார்கள், ஒருத்தருக்குத்தான் வரும். அந்த ஒருத்தர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், மில் வாசலில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார் என்று வையுங்கள். புதுசாக ஒருத்தன் உள்ளே போகிறான். வாட்ச்மேன் அன்றைக்கு ஒன்றும் சொல்வதில்லை. முகத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்கிறார். "இவன் சரியில்லை" என்று அவர் முடிவு கட்டப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதற்கப்புறம் அதே ஆள் வந்தால் விசில் அடித்து ஊரையே கூட்டிவிடுவார். நம் உடம்பும் அப்படித்தான். முதல் தடவை பூசும்போது ஒன்றும் ஆகாது. ஆனால் உடம்பு அதைக் குறித்து வைத்துக்கொண்டுவிட்டால், அடுத்த தடவை பூசி ஒரு நாளோ ரெண்டு நாளோ கழித்து அரிப்பு கிளம்பும். அதனால்தான் ஆளுக்குச் சந்தேகமே வருவதில்லை. "அது திங்கட்கிழமை பூசினது, இது புதன்கிழமை வந்தது" என்று புதன்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காய் மேல் பழி போடுகிறோம். பாவம் கத்திரிக்காய்! (சிரிப்பு)

சகோதரி பெருமையாகச் சொன்னார், "இருபது வருஷமாப் பூசறேன், எனக்கு ஒண்ணும் ஆகலை." சந்தோஷமுங்க, நல்லா இருங்க. ஆனால் இருபது வருஷம் ஒத்துக்கொண்ட பொருள் இருபத்தோராவது வருஷம் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. இருபது வருஷம் ஒத்துப்போன சம்பந்தி இருபத்தோராவது வருஷம் முறைச்சுக்கறதில்லையா? (சிரிப்பு)

நம்ம பக்கத்துக்கே உரிய ஒன்று சொல்கிறேன். ரோட்டோரம், பீக்காடு, தரிசு எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பூவோடு பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் இந்தியாவில் கண்டறிந்தார்கள். அப்புறம் நாடு பூராப் பரவிவிட்டது. அதன் தூசு பட்டே கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று தடித்துக் கறுத்துப்போன விவசாயிகள் நிறையப் பேர். அந்தச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சாமந்தி. தறியில் கை கிழிபட்டால் ஓடிப் போய்ப் பறித்துக் கசக்கி வைக்கிறோமே வெட்டுக்காயப் பூண்டு, அதுவும் அதே குடும்பம். பார்த்தீனியத்துக்கு ஒவ்வாமை வந்த ஒருத்தருக்கு இந்தச் சொந்தக்காரச் செடிகளிலும் சில ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஊருக்கெல்லாம் மருந்து, அவருக்கு மட்டும் அரிப்பு. செடி மேலும் தப்பில்லை, அவர் மேலும் தப்பில்லை. இன்னொரு வேடிக்கை, பாட்டன் பூட்டன் காலத்து மூலிகை என்று நாம் நினைக்கிற அந்த வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான்! வந்த பிறகு நம்ம ஊர் ரேஷன் கார்டு வாங்கிக்கிச்சு.

அடுத்தது மருதாணி. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேணும், ஏனென்றால் பெண் பிள்ளைகள் விஷயம். மருதாணி இலையை அரைத்து ராத்திரி வைத்தால் காலையில் என்ன நிறம்? செம்பு நிறம், சிவப்பு நிறம். எந்த ஊர் மருதாணியும் அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்காது. திருவிழாக் கடையில் "கறுப்பு மருதாணி, முழுக்க இயற்கை" என்று கூம்பில் விற்கிறார்களே, அந்தக் கறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் தலைச்சாயத்தில் போடும் பாரா பெனிலீன் டையமின் என்ற ரசாயனம். பேர் மருதாணி, வேலை ரசாயனம். ஒவ்வாமை வந்தால் பூ வரைந்த இடத்தில் பூ மாதிரியே கொப்புளம் வரும்.

கொப்புளம் ஆறிவிடும். ஆனால் அந்த வாட்ச்மேன் இருக்காரே, அவர் மறக்கவே மாட்டார். பத்து வயதில் திருவிழாவில் கையில் வரைந்த பிள்ளை, நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசினால் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கும். பாலியஸ்டர் துணிக்குப் போடும் சில சாயங்கள் கூட அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நடுவர் அவர்களே, இது திருப்பூருக்குப் பஸ் ஏறிப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஊர். துணியைத் தொட்டால் கை அரிக்கும் என்றால் இந்த ஊரில் ஒரு பெண் என்ன வேலைக்குப் போவாள்? (நீண்ட கைதட்டல்)

வெயில் சமாச்சாரம் ஒன்று பாக்கி இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நலங்கு மாவில் போடுகிறோமே கார்போகரிசி, அதில் சோராலன் என்ற சத்து இருக்கிறது. வெண்புள்ளிக்கு அதைக் கொடுக்கிறார்கள். தோல் டாக்டர்கள் அந்தச் சத்தை வைத்து, நிமிஷக் கணக்குப் பார்த்து, புற ஊதா வெளிச்சம் காட்டி வைத்தியம் செய்கிறார்கள். ஆக, அது வேலை செய்கிற மருந்து, வெறும் தழை இல்லை. அதன் எண்ணெயைத் தானாகப் பூசிக்கொண்டு சித்திரை வெயிலில் நின்றால் கொப்புளம் கொப்புளமாக வரும். முகம் வெளுக்க எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிற தங்கச்சிகளுக்கும் அதேதான். எலுமிச்சையிலும் அந்த ஜாதிச் சத்து உண்டு. வெளுக்கப் போய்க் கறுத்துக்கொண்டு வந்த முகம் நிறைய இருக்கிறது.

"அப்ப எங்க பாட்டி வைத்தியம் பொய்யா?" என்று எதிரணி கேட்கும். இல்லவே இல்லைங்க. பாட்டி வைத்தியத்தில் முக்கியமான மருந்தே பாட்டிதான்! பாட்டி கூடவே உட்கார்ந்திருந்தாள். எந்தப் பிள்ளைக்கு மேல் தடிக்கும், எந்த மருமகளுக்கு நல்லெண்ணெய் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சமாகத் தொட்டு வைத்து, "எரியுதா கண்ணு?" என்று கேட்பாள். எரியுதென்றால் உடனே கழுவிவிடுவாள். இப்போது பாட்டியைத் திண்ணையில் விட்டுவிட்டோம். பாட்டி வைத்தியம் போய் பாட்டில் வைத்தியம் வந்துவிட்டது. (சிரிப்பு, கைதட்டல்) அந்தப் பாட்டிலில் "நூறு சதவீதம் இயற்கை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. "எரியுதா கண்ணு?" என்று கேட்கத்தான் அதற்கு வாய் இல்லை.

எதிரணிக்கு நான் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். இங்கிலீஷ் மருந்தும் யோக்கியம் இல்லை. புண்ணுக்குப் போடும் நியோமைசின் களிம்பே பல பேருக்கு ஒவ்வாமை தரும். ஆனால் அதற்கு ஒரு பரிசோதனை வைத்திருக்கிறார்கள். 1895-ல் யாடாசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் ஆரம்பித்த முறை. சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னதாக முதுகில் ஒட்டி, ரெண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நாலாம் நாள் மறுபடி பார்ப்பார்கள். நம் நாட்டில் இதற்கென்று வைத்திருக்கும் வழக்கமான வரிசையில் பார்த்தீனியம் இருக்கிறது, அந்தத் தலைச்சாய ரசாயனம் இருக்கிறது, எதிரணி சந்தோஷப்படட்டும், நியோமைசினும் இருக்கிறது. தோல் டாக்டருக்குத் தழை என்றும் மாத்திரை என்றும் பேதம் கிடையாது. எங்கள் அணிக்கும் கிடையாது.

நேரம் முடிந்தது என்று நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரே நிமிஷமுங்க. வீட்டில் ஒரு புது எண்ணெயோ பொடியோ வாங்கினால் நேரே முகத்துக்குப் போகாதீர்கள். முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவு, காலையும் மாலையும், ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது, அந்த வாட்ச்மேனுக்கு நேரம் வேண்டும். பச்சைப் பூண்டு, சேராங்கொட்டை, கள்ளிப்பால் இதெல்லாம் சோதனைக்குக்கூட வேண்டாம். எது பூசியும் காந்தினால், தடித்தால், அடுத்த மருந்தைத் தேடாமல் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முகமோ உதடோ வீங்கி மூச்சு இழுத்தால் மச்சானுக்குப் போன் போடாதீர்கள், 108-க்குப் போடுங்கள். டாக்டரிடம் போகும்போது பூசின தழையை ஒரு கொத்து, அல்லது அந்தப் பாட்டிலை, கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ பச்சிலைங்க" என்று மட்டும் சொன்னால் அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

மணி அடிச்சுட்டாங்க. தீர்ப்பு உங்க கையில நடுவர் அவர்களே. எதிரணி பக்கம் சொல்றதா இருந்தா, அதுக்கு முன்னாடி அந்தச் சகோதரியை ஒரு சேராங்கொட்டையைக் கையில உடைக்கச் சொல்லிட்டுச் சொல்லுங்க. (பலத்த சிரிப்பு)